பேர் வைக்காத ஊர்

காலை ஐந்து ஐம்பது. கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நின்றிருந்த புதூர் பஸ்சின் முன்படியில் முதலில் ஏறியது ஒரு கறுப்பு ரெக்சின் பை. அடுத்து கம்பியைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. மூன்றாவதாகத்தான் ஆள் ஏறினார். ஐம்பது வயதை ஒட்டிய பெண். வெள்ளைச் சேலை, முழங்கை வரை இறங்கிய ஜாக்கெட். பையை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அதன் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். கண்டக்டர் பின்னால் திரும்பி, "கறுப்புப் பை ஏறியாச்சு, போலாம்" என்று விசில் கொடுத்தார். அந்தப் பெண் கோபிக்கவில்லை. பையை ஒரு தட்டுத் தட்டி, "கேட்டியா, ஒன்னைத்தான் சொல்லுதாவ" என்றார்.

நான் அப்போது ஒரு நாளிதழின் கோவில்பட்டி நிருபர். செய்திகளைக் கவரில் போட்டு மதுரை பஸ்சில் கொடுத்தனுப்ப தினமும் அந்த நேரத்துக்கு அங்கே இருப்பேன். பிறகு வீடு மாறியபோது அவர் இருந்த தெருவிலேயே எனக்கு இடம் கிடைத்தது. அவர் என்னைத் தம்பி என்றார், நான் அவரை அக்கா என்றேன். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கும் தேவை பல வருடங்களுக்கு வரவில்லை.

சபை அவருக்குக் கொடுத்திருந்த பதவி 'சுவிசேஷ ஊழியர்'. அதற்கு முந்தைய தலைமுறையில் அதே வேலையைச் செய்த பெண்களை 'பைபிள் உமன்' என்பார்கள். வேலை ஒன்றுதான். வாரத்தில் நான்கு நாள் கரிசல் கிராமங்களுக்குப் போவது, பெண்களோடு உட்கார்வது, வேதக் கதை சொல்வது, பாடுவது, திரும்பி வருவது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் ஒரு தம்பி இருந்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்.

பிரசங்கம் அவருக்கு வராது. இதை அவரே சொல்வார். ஒரு கதையைத் தொடங்கி நடுவில் யாருடைய பிள்ளைக்காவது சிரங்கு இருப்பதைப் பார்த்தால் கதை அங்கேயே நின்றுவிடும். வீட்டைவிட்டுப் போன கெட்ட குமாரன் பன்றிகளோடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு பஸ்சுக்கு ஓடிவந்த நாட்கள் உண்டு. அடுத்த முறை போகும்போது அந்தப் பெண்களே, "அந்தப் பையன் வீட்டுக்குப் போனானா இல்லியா?" என்று கேட்பார்களாம். "போனான்னு அவியளே முடிச்சு வச்சிருப்பாவ தம்பி. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அவருக்கு வந்தது வேறொன்று. மற்றவர்கள் வைத்த பட்டப் பெயர்களைச் சேர்த்து வைப்பது. அதிலும் வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் வைக்கப்பட்ட பெயர்கள். ஊர் ஊராகப் போய் விதை நெல் சேர்ப்பவர்போல அதில் அவருக்கு ஒரு பசி இருந்தது. பாதிரி, உபதேசி, வேதக்காரன் என்பதெல்லாம் அவருக்குச் சாதாரணம். ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாருக்குத் 'தண்ணிமுக்கி'. நகை போடாத சபைப் பெண்களுக்கு 'மூளிக்காது'. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் சபைக் கோயிலில் தலைகாட்டுகிறவர் 'பண்டிகைக்காரர்'. சபை விருந்தான அசனத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறவர் 'அசன வேதம்'. மணி அடித்து, பாய் விரித்து, விளக்குத் துடைக்கிறவர் எழுபது வயதானாலும் 'கோயில்குட்டி'.

"எத்தனை பேர் உங்களால வேதத்துல சேர்ந்தாங்க?" என்று ஒரு முறை கேட்டேன். நிருபர் கேட்கும் கேள்விதான்.

"ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுல ஒருத்தன் அசன வேதம்" என்றார்.

அவர் தானாக வைத்த பெயர், எனக்குத் தெரிந்து, ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்பது வழக்கம். ஒரு ஐயர் எந்தப் பிரசங்கத்தையும் மூன்று பாகமாகப் பிரிப்பார். முதலாவதாக, இரண்டாவதாக இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாவதாக என்று சொல்லிவிட்டார் என்றால் வீட்டில் குழம்பு வைக்காமல் வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்குவார்கள். அக்கா அவருக்கு 'மூணாவதாக ஐயர்' என்று வைத்தார். அது சபை முழுவதும் பரவி, கடைசியில் ஐயரின் மனைவியே வீட்டில் சொல்லிச் சிரித்ததாகக் கேள்வி. ஐயர் மாற்றலாகிப் போகும்போது இவரிடம், "மூன்றாவதாக உங்களுக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அக்கா பெயர் வைப்பதை நிறுத்திவிட்டார். வாங்குவதில்தான் தனக்கு ருசி என்றார்.

வாங்கியது நிறைய. ஒவ்வொரு பக்கத்திலும் அவருக்கு ஒரு பெயர். புதூர்ப் பக்கம் கறுப்புப் பை. பசுவந்தனைப் பக்கம் அல்லேலூயா. கழுகுமலையில், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் பெண்களுக்கு அவர் 'ரேடியோ'. அவர்கள் கை ஓடிக்கொண்டே இருக்கும், இவர் ஓரமாக உட்கார்ந்து பாடிக்கொண்டே இருப்பார். பாட்டு நின்றால், "ரேடியோவுக்கு பேட்டரி போச்சுட்டி, டீ வாங்கிக் குடுங்க" என்பார்களாம்.

கறுப்புப் பை என்பது தொடக்கத்தில் நல்ல பெயராக இல்லை. முதல் வருடம் புதூர்ப் பக்கத்தில் ஒரு ஊரில் அவரைப் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். அழுகிற பிள்ளைகளிடம், "கறுப்புப் பை வருது, உள்ள போட்டுக் கொண்டுபோயிரும்" என்று சொல்லி வாய் மூடவைத்தார்கள். இவர் தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் தெறித்து ஓடும். ஒரு நாள் தெரு நடுவில் நின்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். பைபிள், பாட்டுப் புத்தகம், ஒரு துண்டு, தலைவலித் தைலம், குடை, முறுக்குப் பொட்டலம். பிள்ளைகள் முறுக்கை எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் அப்படியே நின்றது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கட்டிக்கொடுத்த ஊர்களுக்கும் அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள்.

பசுவந்தனையில் ஒரு பெரியவர் அவரை நிறுத்தி விசாரித்ததை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியவருக்கு சபைகளின் பிரிவுகள் ஒன்றும் தெரியாது, ஆனால் பிரிவு இருக்கிறது என்று தெரியும். "ஏம்மா, நீ காதுல போட்ட வேதமா, போடாத வேதமா?" என்று கேட்டார். இவர் கம்மலைத் தொட்டுக்காட்டி, "போட்ட வேதந்தான் தாத்தா. ஆனா கவரிங்" என்றார். பெரியவர் போய் எல்லோரிடமும் 'கவரிங் வேதக்காரி வந்திருக்கா' என்று சொல்லிவிட்டார். கொஞ்ச காலம் அந்தப் பெயரும் ஓடியது.

எல்லாப் பெயருக்கும் அவர் சிரித்ததாகச் சொன்னால் அது சரியான செய்தி ஆகாது. ஒரு முறை கழுகுமலை பஸ்சுக்காக இருவரும் நின்றுகொண்டிருந்தோம். டீக்கடையில் இருந்த ஒருவர், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே, "பால்மாவு வந்திருக்கு பாரு" என்றார். ஒரு காலத்தில் மிஷன் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பால்மாவு கொடுத்தார்கள். அதற்காகவே வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று குத்திக்காட்டும் பழைய சொல் அது. அக்கா திரும்பி, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "எங்கம்மா அந்தப் பால்மாவைக் கரைச்சுத்தான் அண்ணாச்சி என்னை வளத்தா. பொய்யா சொல்லுதீங்க, உள்ளதைத்தான சொல்லுதீங்க."

அந்த ஆள் டீ கிளாசைப் பார்த்தார். பஸ் வந்தது.  வழியெல்லாம் அக்கா பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இறங்கும்போது, "இதை எழுதிராதீங்க தம்பி" என்றார்.

மற்றப் பெயர்களை வைத்து ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் குழுவில் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் சண்டைக்கு வருவார்கள், போட முடியாது என்றார். அக்காவிடம் சொன்னேன். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், தன்னுடைய பெயர் ஏன் இல்லை என்று கேட்டுத்தான் வருவார்கள் என்றார்.

ஒரே ஒரு ஊர் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

அது புதூருக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்து போகவேண்டிய ஊர். மானாவாரி நிலமும் ஆடும்தான் பிழைப்பு. அங்கே பழைய கசப்பு ஒன்று இருந்தது. முன்பு ஒரு குடும்பம் வேதத்தில் சேர்ந்து, அண்ணன் தம்பிக்குள் சண்டையாகி, பொதுக்கிணற்றில் தண்ணீரை மறிக்கும்வரை போயிருக்கிறது. அதன்பின் ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார்கள்: வேதக்காரர் யார் வந்தாலும் விரட்ட வேண்டாம், பேச வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம்.

அந்த முடிவை ஊர் பிசகாமல் நடத்தியது. அக்கா மாதம் ஒரு முறை அங்கே போவார். ஊர் முகப்பில் ஒரு வேப்பமரம். அதற்கு உள்ளே அவர் போனதில்லை. வேரில் துண்டை விரித்து உட்கார்வார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து தண்ணீர்ச் செம்பை எட்ட வைத்துவிட்டுப் போவார். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தால், பிறகு வந்து எடுத்துப் போவார். ஒரு சொல் கிடையாது. மழைக்காலத்தில் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், அப்போதும் போனார்.

"அங்கன எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வையட்டும் தம்பி. நாயைவிட்டுக் கடிக்க வைக்கட்டும். பட்டப் பேர் ஒண்ணு வச்சாவன்னா நம்மளைப் பாத்துட்டாவன்னு அர்த்தம். இவிய பாக்கவே இல்லை."

அந்த நேரத்தில் ஒருவர் அதிகாரிகளுக்கு ஒரு மனு போட்டார். கறுப்புப் பை வைத்திருக்கும் ஒரு பெண் கிராமங்களில் பொடி கொடுத்து மதம் மாற்றுகிறார் என்பது மனுவின் சாரம். செய்தியாக்கும் முன் நேரில் பார்க்கவேண்டும் என்று அக்காவோடு ஒரு நாள் போனேன். அவர் தேர்ந்தெடுத்தது அந்த ஊருக்குப் போகும் நாள்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். துண்டு விரித்தார். செம்பு வந்தது, கொண்டுவந்த பெண் என்னையும் பார்க்கவில்லை. அக்கா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மெல்லிய குரலில் பாடினார். ஆட்டு மந்தை ஒன்று மரநிழலுக்கு வந்தது. அதில் ஒரு வெள்ளாடு பைக்குள் தலையை விட்டு, பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து மெல்லத் தொடங்கியது. அக்கா பாடுவதை நிறுத்திவிட்டு ஆட்டைப் பார்த்தார். விரட்டவில்லை. தூரத்தில் நின்ற ஆட்டுக்காரர் ஓடிவந்தார். ஆட்டின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு, கசங்கிய அட்டையை எடுத்தார். தன் வேட்டியில் எச்சிலைத் துடைத்தார். அதை வேரின் மேல் நீவி வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். வாய் திறக்கவே இல்லை.

ரோட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியளா தம்பி, இன்னைக்குக் கிட்ட வந்துட்டான். ஆட்டை வையும்போதாவது என்னைச் சேத்து ரெண்டு வைவான்னு பாத்தேன். வாயில வரை வந்துச்சு, முழுங்கிட்டான்."

மனு செய்தியாகவில்லை. பொடி என்று ஒன்று இருந்தால் அது தைலத்தின் மூடியில் காய்ந்திருந்ததுதான்.

பிறகு அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போனது. சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது, ஒரு சால்வை போட்டது. தெருக்கோடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். பை ஆணியில் தொங்கியது. கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் சிலர் எட்டிப்பார்ப்பார்கள். நான் பைக்கில் புதூர்ப் பக்கம் போய்வந்தேன் என்று தெரிந்தால் கூப்பிட்டு உட்காரவைப்பார். யாருக்குக் கல்யாணம், எந்த ஊரில் மழை என்று கேட்டுவிட்டு, கடைசியில் அந்த ஊருக்கு வருவார்.

"அங்கன ஏதாவது சொன்னாவளா?"

"இல்லக்கா."

"சரி."

பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு பெயரை நானே உண்டாக்கியிருக்கலாம். அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஊர் ஆள் வைக்கும் பெயர் எப்படி இருக்கும், நிருபர் வைக்கும் பெயர் எப்படி இருக்கும் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்.

கடைசி வருடத்தில் ஒரு மாலை, கேட்காமலே சொன்னார்: "எனக்கு அழ ஆளில்லை தம்பி. அது பரவாயில்லை. ஆனா என்னைத் தூக்கும்போது பேர் வச்சவிய எல்லாம் வந்து நிக்கணும். சபைக்காரவிய மட்டும் வந்தாவன்னா நான் ஊருக்குள்ளயே போகலேன்னு ஆயிரும்."

அந்த வருடம் ஐப்பசியில் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டதாகப் பக்கத்து அறைப் பெண் சொன்னார். சென்னைத் தம்பி மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும்; அடக்கம் மறுநாள் மாலை என்று முடிவானது.

சபைச் செயலர் பொறுப்பான மனிதர். உடனே போஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், பதவி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், அடக்க ஆராதனை நேரம். புகைப்படம் கிடைக்காததால் ஒரு சிலுவை. அவர் போன ஊர்கள் எல்லாவற்றிலும் ஒட்டச் சொல்லி இரண்டு பையன்களைப் பைக்கில் அனுப்பினார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாலையில் அச்சகத்துப் பக்கம் போனேன். அதை நடத்தும் பாயின் குடும்பம் பல தலைமுறையாகக் கோவில்பட்டியில் கடை வைத்திருக்கிறது. அக்காவின் பை பிய்ந்தபோதெல்லாம் ஜிப் மாற்றிக் கொடுத்தது பாயின் அண்ணன். மிச்சமிருந்த ஒரு போஸ்டரைப் பாய் கல்லாவின் மேல் விரித்து வைத்திருந்தார்.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி" என்றார். "நான்தான் இதை அடிச்சேன். அடிச்சு முடிச்சு, யாரு செத்தான்னு பையன் கேக்கான். எனக்கே சொல்லத் தெரியல. செயலர் சொன்ன பொறவுதான் நம்ம பைக்கார அக்கான்னு தெரிஞ்சுது. இந்தப் பேரு புதூர்ல எவனுக்குத் தெரியும்?"

போஸ்டரைப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பெயர் அன்றுதான் தெரிந்தது. இதற்குள் அது எல்லா ஊர்ச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கும். யாரோ ஒரு சபைக்கார அம்மா என்று படித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

செயலரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். அடக்க அறிவிப்பில் பட்டப் பெயரைப் போடுவது மரியாதையாக இருக்காது, ஐயர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாய் அதற்குள் போனை எடுத்துவிட்டார். பசுவந்தனையில் அவருக்குத் தெரிந்த உரக்கடைக்காரரிடம், "அல்லேலூயாம்மா மௌத்தாயிட்டாக, தெருவுல சொல்லிரு" என்றார். நான் கழுகுமலைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போட்டேன். எடுத்த பெண்ணிடம் ரேடியோ அக்கா இறந்துவிட்டார் என்றேன்.  அவர் ரிசீவரை மூடாமலே உள்ளே பார்த்து, "ஏட்டி, ரேடியோ போயிட்டாவளாம்" என்று கத்தியது கேட்டது. புதூர்ப் பக்கத்துக்கு பஸ் கண்டக்டர்கள் போதும். கறுப்புப் பை என்ற சொல்லை அவர்கள் கடைசி ஸ்டாப் வரை கொண்டுபோனார்கள்.

அந்த ஓர் ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. யாரிடம், எந்தப் பெயரைச் சொல்லி, யார் இறந்ததாகச் சொல்வது?

மறுநாள் மாலை கோயில் வளாகத்தில் இடம் போதவில்லை. தலையில் முக்காடு போட்ட சபைப் பெண்களுக்கு நடுவே, குங்குமம் வைத்த பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். தீப்பெட்டிப் பெண்கள் வேலை முடிந்து மருந்து வாசனையோடே வந்திருந்தார்கள். செயலர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் யார், எந்த ஊர் என்று விசாரித்தார். ஒரு பெரியவர், "கறுப்புப் பை எங்கன இருக்கு? மாலை போடணும்" என்றார். செயலர் ஒரு கணம் தயங்கி, உள்ளே கைகாட்டினார். ஆராதனைக்கு வந்திருந்த புது ஐயர் ஜெபத்தில் மூன்று முறை அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். மூன்று முறையும் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பை பெட்டிக்குள் அவர் கால்மாட்டில் வைக்கப்பட்டது. அதை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

கூட்டம் கலையும்வரை நின்று பார்த்தேன். அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

இந்த ஆண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்திருப்பதாகப் புதூர்ப் பக்கத்திலிருந்து தகவல் வந்தது. பைக் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் மினி பஸ்சில் போனேன். அக்கா நடப்பதை நிறுத்திய வருடம் அந்த ஊர் வழியாக ரோடு போட்டு விட்ட பஸ் அது. நான் எப்போதும் பைக்கில் போகிறவன் என்பதால் அதில் அதுவரை ஏறியதில்லை. கண்டக்டர் இருபது வயதுப் பையன். ஒவ்வொரு ஊராகக் கூவிக்கொண்டே வந்தான். மெயின் ரோட்டிலிருந்து பஸ் உள்ளே திரும்பியதும் கதவைத் தட்டி, "வேதக்காரி மரம், வேதக்காரி மரம் எறங்குறவிய முன்னால வாங்க" என்றான்.

ஜன்னலில் குனிந்து பார்த்தேன். ஊர் முகப்பு வேப்பமரம்.

"இதுக்கு எப்ப இருந்து இந்தப் பேரு?" என்று கேட்டேன்.

"பஸ் விட்ட நாள்ல இருந்து இதான் அண்ணாச்சி. ஊர்க்காரவிய சொல்லித்தான் ஸ்டாப்புக்கு வச்சது" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினான்.

மூன்று பேர் இறங்கினார்கள்.